ஒரு ஏக்கரை விற்று மகளைப் படிக்க வைக்கலாமா?

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்கு மூன்று ஏக்கர் காபி, ஊடே மிளகு. மகள் கால்நடை மருத்துவம் முடித்துவிட்டு, சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கிளினிக்கில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறாள். சம்பளம் 28,000. செல்லப்பிராணி மருத்துவத்தில் மேலே படிக்க ஆசைப்படுகிறாள். சென்னையில் எம்.வி.எஸ்சி. (கால்நடை மருத்துவ முதுநிலைப் பட்டம்) படித்தால் கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து 4 லட்சம் ஆகுமாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆன்லைன் படிப்புக்கு 8 லட்சம். அதற்கு வேலையை விட வேண்டாம். ஒரு ஏக்கரை விற்றுவிடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா, தோட்டத்தைத் தொடாதீர்கள். மகள் படிக்கட்டும்.

முதலில் கணக்கைச் சரியாகப் போடுவோம். எம்.வி.எஸ்சி. இரண்டு வருடம். அந்த 24 மாதச் சம்பளம் 6,72,000 கைக்கு வராது. ஆக, உண்மையான செலவு 4 லட்சம் அல்ல, 10,72,000. இப்படிப் பார்த்தால் 8 லட்சம் ஆன்லைன் படிப்புதான் மலிவு. இருந்தாலும் நான் எம்.வி.எஸ்சி. பக்கம்தான் நிற்பேன். மயக்க மருந்து கொடுப்பதையும் ஸ்கேனில் ஈரலைப் பார்ப்பதையும் திரையில் பார்த்தால் போதாது, கை பழக வேண்டும். வேப்பேரி கல்லூரி மருத்துவமனையில் காலையில் நிற்கும் கூட்டமே ஒரு பாடம். பிற்பாடு கல்லூரியில் ஆசிரியர் வேலைக்குப் போக நினைத்தாலும் எம்.வி.எஸ்சி. இருக்க வேண்டும். சொந்த கிளினிக் வைக்க மட்டும்தான் என்றால், இப்போதுள்ள பட்டமும் கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவுமே போதும். இதையும் மகளிடம் பேசிவிடுங்கள்.

உண்ணிக் காய்ச்சலில் துவண்டுபோன எங்கள் நாயை மடியில் போட்டுக்கொண்டு, விடியற்காலையில் சேலத்திலிருந்து நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்கு ஓடியவன் நான். அந்த ஐம்பது கிலோமீட்டர் இன்னும் மறக்கவில்லை. நன்றாகப் படித்த ஒரு டாக்டர் சேலத்திலேயே இருந்தால் எவ்வளவு பெரிய விஷயம்!

சரி, பணத்துக்கு என்ன வழி? கல்விக் கடன்தான். பொதுத்துறை வங்கிகளில் 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. பெற்றோர் ஒருவர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். பலர் சறுக்குவது இங்கேதான்.

வட்டி 9.5% என்று வைத்துக்கொள்வோம். 4 லட்சத்துக்கு மாதம் சுமார் 3,170. மூன்று வருடம் கட்டாமல் விட்டால் 1,14,000 சேர்ந்து, கடன் 5,14,000 ஆகிவிடும். அதை ஐந்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை 10,800 வரும். வட்டியை அவ்வப்போது கட்டிவந்தால் தவணை 8,400-தான். புதிதாகத் தொழிலில் இறங்கும் பெண்ணுக்கு மாதம் 2,400 சின்னத் தொகை இல்லை.

உங்கள் சிக்கல் வேறு: வங்கி மாதாமாதம் கேட்கும், காபி வருடத்துக்கு ஒருமுறைதான் கொடுக்கும். அதற்காக நகையை வைக்காதீர்கள். நகைக்கடனுக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான் கெடு. காபி விலை இறங்கிய வருடம் மீட்க முடியாமல் மறு அடகு வைக்க வேண்டிவரும்.

வரிச் சலுகைக்காகக் கடன் வாங்கு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கல்விக் கடன் வட்டிக்கான கழிவு பழைய வரிமுறையில்தான் உண்டு. மகளின் இப்போதைய சம்பளத்துக்கு வரியே வராது. அதைவிட, ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) முதுநிலை நுழைவுத் தேர்வை ஒழுங்காக எழுதச் சொல்லுங்கள். நல்ல இடம் கிடைத்தால் மாதாமாதம் உதவித்தொகை வரும்.

நிலத்தை ஏன் இவ்வளவு காக்கச் சொல்கிறேன் என்றால், பெரிய பணம் தேவைப்படப்போவது படிப்புக்கு அல்ல. எக்ஸ்ரே, ஸ்கேன், மயக்க மருந்துக் கருவி என்று கிளினிக் போடும்போதுதான். பட்டாவும் வில்லங்கமும் சுத்தமாக இருக்கும் மூன்று ஏக்கர் அன்று பின்னால் நிற்கட்டும். ஏற்காட்டில் இன்று விற்ற ஏக்கரை நாளை அதே விலைக்குத் திரும்ப வாங்க முடியாது.

இந்த அறுவடைப் பணம் வந்ததும் மகள் பெயரில் தனிச் சேமிப்புக் கணக்கு தொடங்கி, ஒரு வருட வட்டி 38,000-ஐ அதில் போடுங்கள். மாதாமாதம் கடனுக்குத் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த அறுவடைக்கு மறுபடி நிரப்பிக்கொள்ளலாம்.