பயிற்சி முடிந்தும் வார்டுக்குள் வராத வழிகாட்டு நெறிமுறை

கேள்வி: வசதி குறைந்த சிறிய மருத்துவமனை ஒன்றில் செவிலியர் கண்காணிப்பாளராகப் பணியாற்றுகிறேன். கர்ப்பகால வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் கொடுப்பது குறித்து இரண்டு நாள் பயிற்சி நடத்தி, பிரசவ வார்டில் சுவரொட்டியும் ஒட்டினோம். மூன்று மாதங்கள் கழிந்தும் பழைய வழக்கமே தொடர்கிறது. இதை அலட்சியமாகக் கருதி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாமா?

பதில்: அந்த யோசனையை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். இந்த மருந்தின் பயனில் ஐயமில்லை. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து, 2002இல் வெளியான மேக்பை ஆய்வு, இது வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதி அளவைவிடவும் கீழே குறைப்பதைக் காட்டியது. உங்கள் ஊழியர்களுக்கும் அது தெரிந்தே இருக்கும். தெரிந்தும் ஏன் கை நீளவில்லை என்பதை அறிய, இரவுப் பணியில் தனியாக இருக்கும் ஒரு செவிலியரின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும்.

பரவலாக உள்ள ஒரு முறைப்படி, முதல் தவணையில் 4 கிராம் சிரை வழியாகவும், இரு புட்டங்களிலும் 5 கிராம் வீதம் தசையிலும் செலுத்த வேண்டும். கையிருப்பில் இருப்பது 2 மில்லியில் 1 கிராம் கொண்ட ஆம்பூல் (சிறு கண்ணாடிக் குப்பி) என்றால், அவர் 14 ஆம்பூல்களை உடைத்து, சிரைக்கு உரிய 8 மில்லியில் மட்டும் 12 மில்லி தூய நீர் கலந்து 20 சதவீதக் கரைசலாக்க வேண்டும். பிறகு மூச்சு எண்ணிக்கை, முழங்கால் அனிச்சை, சிறுநீர் அளவு ஆகியவற்றைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்; அதே வேளையில் அடுத்த அறையில் இன்னொருவருக்குப் பிரசவ வலி முற்றியிருக்கும். அளவு மிஞ்சினால் மூச்சு அடங்கும் என்பதும், அதை முறிக்கும் மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் தட்டில் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். கொடுக்காமல் விட்டு வலிப்பு வந்தால் பழி நோயின் மேல் விழும். கொடுத்தபின் மூச்சு நின்றால் பழி அவர் தலையில் விழும். இந்த நிலையில் மருத்துவர் வரட்டும் என்று காத்திருப்பதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதைவிடக் கடினமான தடை மூத்த மருத்துவர்களிடம் இருக்கக்கூடும். பயிற்சிக்கு வராத ஒருவர் காலைச் சுற்றில் கேஸ் ஷீட்டில் வேறு மருந்தை எழுதிவிட்டால், இளையவர்கள் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

ஆகவே முதலில், அண்மையில் வந்த நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளை எடுத்து, எந்தப் படியில் சிகிச்சை நின்றது என்று ஊழியர்களோடு உட்கார்ந்து பாருங்கள். மருந்து, ஊசிக்குழல், நீர், மாற்று மருந்து, கலக்கும் அளவு எழுதிய அட்டை ஆகியவற்றை ஒரே பெட்டியில் வைத்து, அது நிறைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பணி மாற்றத்தின்போதும் பார்த்துக் கையொப்பமிடச் செய்யுங்கள். முதல் தவணையைச் செவிலியரே தொடங்கலாம் என்ற நிலையான ஆணையை, சட்டம் அனுமதிக்கும் வரம்புக்குள், மூத்த மருத்துவரின் கையொப்பத்தோடு பெறுங்கள். மூன்றிலும் இதுவே முக்கியமானது என்பேன்.

அதன்பின் மாதந்தோறும் நிலவரத்தைத் தொகுத்துச் சொல்லுங்கள். இத்தகைய பின்னூட்டம் குறித்து 140 ஆய்வுகளைத் தொகுத்த 2012ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) மதிப்பாய்வில், பரிந்துரைத்த நடைமுறையைப் பின்பற்றுவதில் ஏற்பட்ட முன்னேற்றத்தின் இடைநிலை அளவு 4.3 சதவீதப் புள்ளிகளே. மேலாளரோ சக ஊழியரோ, வாய்மொழியாகவும் எழுத்திலும், இலக்கோடு திரும்பத் திரும்பச் சொல்லும்போது பலன் கூடுகிறது.

ஊழியர் ஒருவர் நெறிமுறையையே ஐயுற்றால் அதையும் காது கொடுத்துக் கேளுங்கள். கடும் காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவும் உள்ள குழந்தைகளுக்குத் திரவத்தை வேகமாக ஏற்றுவதே சரி என்று நெடுங்காலம் கருதப்பட்டது; உகாண்டா, கென்யா, தான்சானியாவில் 3,141 குழந்தைகளிடம் நடந்து 2011இல் வெளியான ஃபீஸ்ட் ஆய்வில், அப்படி ஏற்றப்பட்டவர்களில் சுமார் 10.5 சதவீதத்தினரும், ஏற்றப்படாதவர்களில் 7.3 சதவீதத்தினரும் 48 மணி நேரத்துக்குள் இறந்திருந்தனர். இவ்வளவும் செய்து, பெட்டியும் ஆணையும் கையில் இருந்தும், காரணம் சொல்லாமல் ஒருவர் சிகிச்சையைத் தவிர்த்தால், அப்போது விளக்கம் கேட்பது முறையாகும்.