ஒரே ஆறு, மூன்று பள்ளிகள்: எப்படித் தொடங்குவது?

கேள்வி: ஓசூர் அருகே அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். எங்கள் பசுமைப் படை வருஷா வருஷம் மரக்கன்று நடுவதோடு நின்றுவிடுகிறது. தர்மபுரிப் பக்கத்துப் பள்ளிகளோடு சேர்ந்து உருப்படியாக ஏதாவது செய்ய ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: தென்பெண்ணையிலிருந்து ஆரம்பியுங்கள். நந்தி மலையில் பிறந்து பெங்களூரின் கிழக்கோரமாக வரும் ஆறு, உங்கள் ஊர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் தேங்குகிறது. அங்கிருந்து கிருஷ்ணகிரி அணை, காவேரிப்பட்டணம், அப்புறம் தர்மபுரி மாவட்டத்து இருமத்தூர். இந்தக் கரையில் மூன்று பள்ளிகள் கிடைத்தால் போதும். பத்துப் பள்ளிகளைச் சேர்த்தால் தொடக்க விழாவும் பேனரும்தான் மிஞ்சும், வேலை நகராது.

மூவரும் மாதம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே வகைப் பரிசோதனைப் பெட்டியால் வெப்பநிலை, அமில காரத்தன்மை, கரைந்த ஆக்சிஜன் மூன்றையும் அளக்க வேண்டும். நேரமும் ஒன்றாகவே இருக்கட்டும். ஆற்றுப் பாசி வெயிலில் ஆக்சிஜனை வெளிவிடும், இரவில் இழுத்துக்கொள்ளும். அதனால் விடியற்காலையில் அளவு குறைந்தும் மத்தியானம் கூடியும் இருக்கும். ஒரு பள்ளி காலை எட்டுக்கும் இன்னொன்று மதியம் இரண்டுக்கும் அளந்தால், ஆற்றுக்குப் பதில் கடிகாரத்தைத்தான் ஒப்பிடுவீர்கள். முதல் மாதம் ஒரே கேன் தண்ணீரை மூன்று பள்ளியும் சோதித்து, எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். இந்த ஒத்திகையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒத்துழைப்பின் அஸ்திவாரமே அதுதான். சந்தேகம் வந்தால் கிருஷ்ணகிரி, தர்மபுரி அரசு கலைக் கல்லூரிகளின் வேதியியல் துறையைக் கேளுங்கள். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே ஆக்சிஜன் இறங்கினால் மீன்களுக்குத் திணறல்.

கெலவரப்பள்ளி நுரை உங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கமான காட்சி. கழிவுநீரோடு வரும் சோப்புப் பொருள், மதகிலிருந்து தண்ணீர் விழும்போது அடிபட்டு நுரைக்கிறது. தர்மபுரிப் பிள்ளைகளின் பிரச்சினை வேறு. அங்கே போர்வெல் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். ஆனால் பாறையிலிருந்து கரைந்த ஃபுளோரைடு பல்லைக் கறையாக்கி, எலும்பையும் வளைக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ஒன்று மனிதர் செய்தது, மற்றது நிலத்தின் இயல்பு. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் எழுதி விளக்கட்டும். எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு நன்றாகச் சொல்லித்தராது என்பது என் உறுதியான எண்ணம்.

அனுமதிக்குத் தலைமை ஆசிரியர்கள் மூலம் இரண்டு மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கும் ஒரே மாதிரிக் கடிதம் கொடுங்கள். செலவைப் பசுமைப் படை நிதியிலோ பள்ளி மேலாண்மைக் குழுவிலோ கேட்கலாம். கர்நாடகப் பள்ளி ஒன்றை அடுத்த வருஷம் அழையுங்கள். ஓசூர் வகுப்பில் கன்னடமும் தெலுங்கும் பேசும் பிள்ளைகள் இருப்பார்களே, கடிதத்தை அவர்களே எழுதட்டும்.

மாணவர்களைத் தண்ணீரில் இறக்கவே வேண்டாம். கயிறு கட்டிய வாளியால் பெரியவர் ஒருவர் மொண்டு தரட்டும், கையுறை கட்டாயம். மதகு திறக்கும் நாளில் கரைப் பக்கமே போகாதீர்கள்.

தர்மபுரிப் பள்ளி போர்வெல்லைச் சோதித்து ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால், உடனே ஊரில் சொல்லிவிடக் கூடாது. மறுநாள் இன்னொரு முறை சோதியுங்கள். அப்போதும் அதே அளவென்றால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பி, முடிவோடு ஊராட்சி அலுவலகத்துக்குப் போங்கள். அதுவரை அந்தத் தண்ணீரைப் பிள்ளைகள் குடிக்க வேண்டாம். காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்; இதைச் சமையல் அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.