படுக்கையில் இருக்கும் மாமியாரை ஒன்றரை வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். தொட்டதற்கெல்லாம் கோபமும் அழுகையும் வருகிறது. எப்படிச் சமாளிப்பது?

நீங்கள் எழுதாத ஒன்றை நான் சொல்கிறேன். உங்கள் கணவருக்குக் கூடப்பிறந்தவர் ஒருவர் இருப்பார், ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்து "ஏன் இப்படி இளைச்சுட்டாங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார். இல்லையென்றால் மன்னிக்கவும். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

எனக்கு 47 வயது, கும்பகோணம். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. மூளையின் இடப்பக்கம் அடைப்பு; வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. ஆண்பிள்ளை டயப்பர் மாற்றுவதா என்று கேட்ட சொந்தக்காரர்கள் உண்டு. கேட்டவர்களில் ஒருவர்கூட ஒரு நாள் வந்து மாற்றிவிட்டுப் போனதில்லை.

பகல் பரவாயில்லை. முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி, புரையேறாமல் ஒரு இட்லி ஊட்ட முக்கால் மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். ஆளைக் கொல்வது ராத்திரி. படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார்கள். பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று அலாரம் வைத்து முதல் எட்டு மாதம் தனியாகவே ஓட்டினேன். ஒரு நாள் இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில், அடியில் விரித்திருந்த துணியை வெடுக்கென்று இழுத்துவிட்டேன். "வலிக்குதுடா" என்றாள் அம்மா. அதுவரை ஒரு வார்த்தை முழுசாக வராதவள். கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். நான்கு மணி அலாரம் அடித்தது. போய்ப் புரட்டினேன்.

"பெற்றவளிடமே இப்படியா" என்று கீழே எழுதப்போகிறவர்கள் எழுதட்டும். மூன்று ராத்திரி அந்த அலாரத்தோடு படுத்துவிட்டு வந்து எழுதினால் பதில் சொல்கிறேன்.

அதே வாரம், மக்களைத் தேடி மருத்துவத்தில் அம்மாவைப் பார்க்க வரும் பெண் பிரஷர் பட்டையை என் கையிலும் சுற்றினார். 170/110. "உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அம்மாவை யாருண்ணே புரட்டுவா?" என்றார். (2021இல் தொடங்கிய திட்டம். பிசியோதெரபிகூட வீட்டுக்கே வரும், காசு கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.)

அதுவரை தங்கையிடம் "அப்பப்ப வந்து பாரு" என்பேன், அவளும் "வரேண்ணே" என்பாள். அன்றைக்குப் போன் செய்து, "சனிக்கிழமை ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை உன் பொறுப்பு" என்றேன். இரண்டு வாரம் பேசவில்லை. அப்புறம் தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். துபாயில் இருக்கும் தம்பியிடம், அறிவுரை போதும், வாரம் இரண்டு ராத்திரிக்கு ஆள் வைக்கப் பணம் அனுப்பு என்று தொகையைச் சொன்னேன். அனுப்புகிறான். நீங்களும் நாள், மணி, தொகை சொல்லியே கேளுங்கள். உங்கள் கோபத்தில் பாதி தூக்கம் இல்லாத கோபம் என்றுதான் நினைக்கிறேன், நான் டாக்டர் இல்லை. அழுகை நிற்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள். நான் ஒருமுறை கூப்பிட்டுப் பேசாமல் அழுதேன். மறுமுனையில் வைக்காமல் காத்திருந்தார்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. நவம்பர் வந்தால் உயிரோடு இருக்கிறார் என்று சான்று தர வேண்டும். வங்கியில் கேட்டால், "நடக்க முடியலைன்னா ஆட்டோல கூட்டிட்டு வாங்க" என்கிறார்கள். ரேகைக் கருவியில் கைவைத்தால் தேய்ந்த ரேகை விழவில்லை. போனில் முகம் காட்டிப் பதியும் வசதி இருப்பதை அந்தக் கவுண்ட்டரில் யாரும் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன்தான் சொன்னான். அதிலும் கண் சிமிட்டச் சொல்கிறது. "அம்மா, சிமிட்டு, சிமிட்டு" என்று நானும் தங்கையும் மாறி மாறிச் சிமிட்டிக் காட்ட, அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். ஐந்தாவது தடவைதான் பதிந்தது.