சியாகாப் குஞ்சுகள் எங்கே போகின்றன?

கேள்வி: மலேசியாவில், பினாங்கு மாநிலத்து நிபோங் தெபாலில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு குளம் வைத்திருக்கிறேன். முன்பு திலாப்பியா வளர்த்தேன், இந்த முறை சியாகாப் குஞ்சு விட்டேன். ஒன்றுகூடச் செத்து மிதக்கவில்லை, ஆனால் தீனி போடும்போது வரும் கூட்டம் நாளுக்கு நாள் குறைகிறது. குஞ்சுகள் கறுப்பாக, நெற்றியில் வெள்ளைக் கோட்டோடு இருக்கின்றன. வேறு மீனைக் கொடுத்துவிட்டார்களா? இவை குளத்திலேயே முட்டை வைக்குமா?

பதில்: ஐயா, உங்களை யாரும் ஏமாற்றவில்லை. இது சியாகாப்தான், தமிழ்நாட்டில் கொடுவா என்பார்களே, அதே மீன். சிறு வயதில் உடம்பு கரும்பழுப்பாக, திட்டுத் திட்டாக இருக்கும். நெற்றிக் கோடு வளர வளர மறைந்து, பக்கவாட்டில் வெள்ளி நிறம் ஏறிவிடும். வால் வட்டமாக இருக்கிறதா, கண்ணுக்கு மேல் தலை குழிந்து முதுகு மேடாக ஏறுகிறதா என்று பாருங்கள். இரவில் டார்ச் அடித்தால் கண் பளபளக்கும்.

அந்த வாயையும் பாருங்கள். மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். குஞ்சுகள் காணாமல் போவதற்கு அந்த வாய்தான் காரணம். கொடுவா தன் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உள்ள மீனை முழுசாக விழுங்கும். மூன்று இன்ச் குஞ்சுக்கு இரண்டு இன்ச் குஞ்சு ஒரு வேளைச் சாப்பாடு. அதனால்தான் பிணம் மிதப்பதில்லை. திலாப்பியா வளர்த்த கைக்கு இது புதிது.

முதல் வேலையாகக் குஞ்சுகளை அளவு பார்த்துப் பிரியுங்கள். வெயில் ஏறுவதற்குள், வெறும் வயிற்றில் இருக்கும்போது வலை போட்டு, பெரியது, நடுத்தரம், சிறியது என்று தனித்தனி வலைக் கூண்டில் விடுங்கள். வாரம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். மீன் 20 சென்டிமீட்டர் தாண்டும்வரை இதை நிறுத்தக்கூடாது. 'பெரியது நான்கைந்துதானே, கிடக்கட்டும்' என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அந்த நான்கைந்துதான் குளத்தையே காலி செய்யும். பிடிக்கும்போது கை பத்திரம், செவுள் மூடியின் ஓரம் ரம்பம் மாதிரி கீறிவிடும்.

தீனியை ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். இது பதுங்கியிருந்து, அசைகிற இரையைப் பாய்ந்து பிடிக்கும் மீன். அடியில் படிந்த தீனியை அவ்வளவாகத் தொடாது, அது அழுகித் தண்ணீரைத்தான் கெடுக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, பாய்ச்சல் நின்றதும் நிறுத்துங்கள். பசி அடங்கினால் பக்கத்து மீனைத் துரத்துவதும் குறையும்.

அப்புறம் முட்டை. உங்கள் குளத்தில் நடக்காது. கொடுவா நல்ல தண்ணீரிலும் வளரும், ஆனால் முட்டையிட உப்பு ஏறிய கழிமுகத்துக்குப் போயாக வேண்டும். போதாததற்கு, இவை முதலில் ஆணாகவே முதிர்கின்றன. பல ஆண்டுகள் கழித்துத்தான் பெண்ணாக மாறும். சந்தையில் விற்கும் ஒரு கிலோ மீனில் பெண் கிடைப்பது அபூர்வம். அடுத்த தடவையும் குஞ்சு வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கும்போது ஒரே அளவாகக் கேட்டு வாங்குங்கள், அவை வளர்ந்த தண்ணீரில் உப்பு எவ்வளவு என்றும் விசாரியுங்கள்.