கேளுங்கள், சொல்கிறேன்: பீகார் குடும்பத்துக்கு அரிசி போதுமா?

கேள்வி: எங்கள் பங்குக் கோயிலில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையில் இருக்கிறேன். தெருவில் ஒரு பீகார் குடும்பம். டைல்ஸ் வேலை, இரண்டு பிள்ளைகள். மாதாமாதம் அரிசி கொடுத்தால் போதுமா? – வாசகி, ஞானஒளிவுபுரம், மதுரை

பதில்: கோதுமை மாவும் கொடுங்கள். இட்லி அரிசியை வைத்துக்கொண்டு ஓர் அம்மா முழித்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பீகார் ரேஷன் கார்டில் ஆதார் இணைந்திருந்தால் இங்கேயே கைரேகை வைத்து வாங்கலாம். 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் அந்த வசதி உண்டு. முதல் தடவை கூடப் போங்கள், கடையில் தமிழ் பேச ஆள் வேண்டும்.

அப்புறம் பள்ளிக்கூடம். டி.சி. இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். அரசுத் தொடக்கப்பள்ளி என்றால் காலைச் சிற்றுண்டியும் உண்டு. 2022-ல் நம் சிம்மக்கல்லில்தானே தொடங்கினார்கள்!

அரிசிப் பையோடு ஜெபக்கூட்ட அழைப்பை மட்டும் சேர்க்காதீர்கள். ஆற்றில் நின்று சூரியனைக் கும்பிடும் சட் பூஜைக்கு வைகையில் தண்ணீர் இருக்குமா என்று கேட்பார்கள், அதற்குப் பதில் யோசித்து வையுங்கள்.