ஸ்கூல் கவுன்சிலர் ரிசர்ச் பண்ண முடியுமா? பதவி இல்லாதவங்க எப்படி லீடரா இருக்கறது?

கேள்வி கேட்டவங்க சொன்னது சுருக்கமா இதுதான்: ஸ்கூலுக்கே ஒரே ஒரு கவுன்சிலர், பிஎச்டி கிடையாது, மேனேஜ்மென்ட்ல எந்தப் பதவியும் இல்ல, ஆனா டிரெய்னிங் போற இடத்துலெல்லாம் "லீடரா இருங்க, ரிசர்ச் பண்ணுங்க"ன்னு சொல்றாங்க, இதெல்லாம் நடக்கற காரியமா, எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

நடக்கும். இன்னும் சொல்லப்போனா சில கேள்விய உங்களாலதான் கேக்கவே முடியும், ஏன்னா எந்தப் புள்ள எப்போ வருது, யார் அனுப்பி வருது, யார் கடைசி வரைக்கும் வராமலே போயிடுதுன்னு தெரியற இடத்துல நீங்கதான் உக்காந்திருக்கீங்க, வெளியிலேர்ந்து வர்ற ஆராய்ச்சியாளருக்கு அது தெரிய வாய்ப்பே இல்ல. நானும் ரொம்ப வருஷமா இந்த வேலையில இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

வேலை பாக்கறவங்களே தங்களோட வேலைய ஆராயறது இன்னிக்கு நேத்து வந்த விஷயம் இல்ல. சமூக உளவியலாளர் குர்ட் லெவின் 1946லயே ஆக்‌ஷன் ரிசர்ச் பத்தி எழுதிட்டாரு: திட்டம் போடு, செஞ்சு பாரு, என்ன ஆச்சுன்னு கவனி, அத வெச்சு அடுத்த திட்டம் போடு. 1975ல பிரிட்டன் கல்வியாளர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் டீச்சர்களப் பத்தி இதையே சொன்னாரு, கிளாஸ்ல நிக்கறவங்களே தங்களோட பாடத்த ஆராயணும்னு. கவுன்சலிங் பக்கம் பாத்தா அமெரிக்க ஸ்கூல் கவுன்சிலர் சங்கம் 2003ல கொண்டுவந்த தேசிய மாடல்ல லீடர்ஷிப், பிள்ளைங்களுக்காகக் குரல் குடுக்கறது, மத்தவங்களோட சேந்து வேலை செய்யறது, சிஸ்டத்தையே மாத்தறதுன்னு நாலையும் மையமா வெச்சாங்க, கூடவே டேட்டாவக் காட்டிப் பேசணும்னும் சொன்னாங்க. லீடர்ஷிப்பும் டேட்டாவும் சேந்து வர்றதுதான் எனக்கு முக்கியமாப் படுது. பதவி இருக்கறவங்க சொன்னாலே வேலை நடந்துடும், நம்ம மாதிரி ஆளுங்க சொல்றது நடக்கணும்னா கையில டேட்டா ஏதாவது இருக்கணும்.

முதல் ரிசர்ச்சுக்குப் பிள்ளைங்க கிட்ட போகவே வேண்டாம், உங்க நேரத்தையே எடுத்துக்குங்க. அந்த அமெரிக்கச் சங்கமே ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்னும், வேலை நேரத்துல 80 சதவீதமாவது மாணவர்களுக்கான சேவைக்குப் போகணும்னும் பரிந்துரைக்குது. இப்போ உங்க நாள் எப்படிப் போகுதுன்னு கொஞ்ச வாரம் அரை மணிக்கு ஒரு தடவ குறிச்சு வைங்க. எக்ஸாம் டூட்டி எவ்ளோ, டீச்சர் லீவு போட்ட கிளாஸப் பாத்துக்கறது எவ்ளோ, ஃபங்ஷன் வேலை எவ்ளோ, பிள்ளைங்களோட உக்காந்தது எவ்ளோன்னு. "எனக்கு டைமே இல்ல சார்"னு வருஷம் முழுக்கச் சொன்னாலும் யாரும் காதுல வாங்க மாட்டாங்க, அதையே ஒரு பக்கத்துல எழுதி பிரின்சிபால் முன்னாடி வெச்சா பேச்சே வேற மாதிரி போகும். குறை சொல்ற தொனி மட்டும் அதுல வந்துடக் கூடாது.

அடுத்தது, உங்கள உறுத்திக்கிட்டே இருக்கற ஒரு கேள்வி. எனக்கு உறுத்தினது, என் ரூமுக்கு அனுப்பி வைக்கிற பிள்ளைங்க பெரும்பாலும் கிளாஸ்ல சத்தம் போடறவங்க, சண்டை போடறவங்க, அப்போ பின் பெஞ்சுல வாயே திறக்காம உக்காந்திருக்கற புள்ளைக்கு ஒண்ணுமே இல்லன்னு அர்த்தமா? அதனால ரிஜிஸ்டர்ல ஒரே ஒரு நெடுவரிசை சேத்தேன், இந்தப் புள்ளைய இங்க கொண்டுவந்தது யாரு, டீச்சரா, அம்மா அப்பாவா, ஃப்ரெண்டா, தானாவே வந்ததான்னு. வேற ஒண்ணும் பண்ணல. டேர்ம் முடியும்போது பாத்தா அமைதியான பிள்ளைங்க டீச்சர் மூலமா வந்தது ரொம்பக் கம்மி, வந்தவங்கள்ல நிறைய பேர ஒரு ஃப்ரெண்டுதான் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்காங்க. இத ஸ்டாஃப் மீட்டிங்ல வெச்சப்போ ஒரு டீச்சர், "எங்க கிட்ட இருக்கற ரெஃபரல் ஃபார்ம்லயே நடத்தை பத்தின கேள்விதானே இருக்கு, நாங்க வேற யாரை அனுப்புவோம்"னு கேட்டாங்க. அந்தக் கேள்விலேர்ந்துதான் ஃபார்ம் மாறுச்சு, திடீர்னு மார்க் குறையறது, தனியா சாப்பிடறது, அடிக்கடி லீவு போடறது எல்லாம் அதுல வந்துச்சு, ஃப்ரெண்டுங்களும் வந்து சொல்லலாம்னு அசெம்ப்ளில அறிவிச்சாங்க. நான் யாருக்கும் உத்தரவு போடல, போடற இடத்துலயும் இல்ல. லீடர்ஷிப்னா எனக்குத் தெரிஞ்சு இந்த மாதிரி ஒண்ணுதான்.

கவுன்சலிங்னால பிள்ளைங்களுக்கு நல்லது நடக்குதான்னு அளக்கணும்னு ஆசைப்பட்டா கொஞ்சம் நிதானம் வேணும். நீங்களா கேள்வித்தாள் தயார் பண்ண வேண்டாம். ஒய்பி-கோர்னு (YP-CORE) மன உளைச்சல அளக்கற கேள்வித்தாள் ஒண்ணு இருக்கு, 11லேர்ந்து 16 வயசுக்கானது, 10 கேள்விதான். எஸ்டிக்யூன்னு (SDQ) இன்னொண்ணு, பிள்ளைங்களோட மனநிலை, நடத்தை பத்தினது, 25 கேள்வி, ராபர்ட் குட்மேன் 1997ல வெளியிட்டது, டீச்சர், பெற்றோர், பிள்ளைங்க தனித்தனியா நிரப்பற மாதிரி ஃபார்ம் இருக்கு. முதல்லயும் கடைசிலயும் குடுத்து ஸ்கோர் குறைஞ்சிருக்கான்னு பாக்கலாம். ஆனா குறைஞ்சுச்சுன்னா உடனே "கவுன்சலிங்தான் காரணம்"னு எழுதிடாதீங்க. புள்ள நம்ம கிட்ட வர்றதே ரொம்ப மோசமா இருக்கற நேரத்துல, அந்த நேரத்துக்கு அப்புறம் யாரும் எதுவும் செய்யலன்னாலும் கொஞ்சம் பேருக்கு ஸ்கோர் தானா இறங்கும். இதப் பிரிச்சுப் பாக்கத்தான் லண்டன்ல 18 செகண்டரி ஸ்கூல்கள்ல 329 பிள்ளைங்கள வெச்சு ஈத்தோஸ்னு ஒரு ஆய்வு நடந்துச்சு, முடிவு 2021ல வந்துச்சு. குலுக்கல் முறைல ஒரு குரூப்புக்கு கவுன்சலிங்கும் ஸ்கூல்ல வழக்கமாக் கிடைக்கிற ஆதரவும், இன்னொரு குரூப்புக்கு அந்த வழக்கமான ஆதரவு மட்டும். 12 வாரம் கழிச்சு ஒய்பி-கோர்ல பாத்தப்போ கவுன்சலிங் கிடைச்சவங்களோட மன உளைச்சல் கூடுதலாக் குறைஞ்சிருந்துச்சு, ஆனா அந்த வித்தியாசம் சின்னதுதான். அவ்ளோ பெரிய ஏற்பாட்டுலயே இப்படித்தான் வருதுன்னா, நம்ம ஒத்த ஸ்கூல் கணக்குல "80 சதவீதம் குணமாயிட்டாங்க"ன்னு போஸ்டர் ஒட்டறது நியாயமே இல்ல. "இங்க வந்த பிள்ளைங்களோட ஸ்கோர் இப்படி இருந்து இப்படி ஆச்சு, பாதில நின்னவங்க இத்தன பேர்"னு எழுதுங்க, அதுவே பெரிய விஷயம். பாதில நின்னவங்களக் கணக்குலேர்ந்து தூக்கிடாதீங்க, நமக்கு நிறையக் கத்துக்குடுக்கறது அவங்கதான்.

ஒண்ணு சொல்லியே ஆகணும். ஒய்பி-கோர்ல தன்னைத்தானே காயப்படுத்திக்கறத யோசிச்சியான்னு ஒரு கேள்வி வரும். ஃபார்ம வாங்கி ஃபைல்ல வெச்சுட்டு வார கடைசில டைப் பண்ணிக்கலாம்னு இருக்கவே கூடாது, புள்ள ரூம விட்டுப் போறதுக்கு முன்னாடி அந்தப் பதில நீங்க பாத்திருக்கணும். ரிசர்ச்சும் கவுன்சலிங்கும் மோதுச்சுன்னா கவுன்சலிங்தான் முதல்ல, இதுல ரெண்டாவது பேச்சே இல்ல.

சம்மதம் வாங்கற இடம்தான் ரொம்பச் சிக்கல். உங்க கிட்ட மனசு விட்டு அழுத புள்ள, "என் ரிசர்ச்ல சேந்துக்கறியா"ன்னு நீங்க கேட்டா எப்படி மாட்டேன்னு சொல்லும்? அதனால கேக்கறது வேற ஆளா இருக்கட்டும், சேரலன்னாலும் கவுன்சலிங் அப்படியே தொடரும்னு புள்ளைக்குப் புரியற மொழில சொல்லணும், பெற்றோர் சம்மதமும் வேணும், புள்ளையோட சம்மதமும் வேணும். வேலையோட பாகமா எடுக்கற கணக்கு வேற, வெளில கட்டுரையா போடப்போற ஆய்வு வேற, ரெண்டாவதுக்கு எத்திக்ஸ் கமிட்டி அனுமதி தேவையான்னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே விசாரிச்சுக்குங்க, ஒரு யுனிவர்சிட்டி ஆளக் கூட சேத்துக்கிட்டா இது சுலபம். இன்னொண்ணு, பேர எடுத்துட்டா மட்டும் அடையாளம் மறைஞ்சுடாது. எட்டாம் கிளாஸ்ல போன மாசம் அப்பா தவறிப்போன பொண்ணுன்னு எழுதினா ஸ்கூல்ல எல்லாருக்கும் அது யாருன்னு தெரிஞ்சுடும். ரெண்டு மூணு பேர் மட்டும் இருக்கற குரூப்பத் தனியா காட்டாதீங்க, பெரிய குரூப்போட சேத்துடுங்க.

ரிசல்ட்ட மேல கொண்டுபோறதப் பத்தி. நாப்பது ஸ்லைடு போட வேண்டாம், ஒரு பக்கம் போதும், அதுல ஒரே ஒரு முடிவுதான் கேளுங்க, "வாரத்துல ரெண்டு பீரியட் எனக்கு எக்ஸாம் டூட்டி இல்லாம விடுங்க" மாதிரி ஆமா இல்லன்னு பதில் சொல்லக்கூடியதா. மீட்டிங்குக்கு முன்னாடியே சம்பந்தப்பட்ட டீச்சருங்க கிட்ட காட்டிடுங்க, எல்லார் முன்னாடியும் திடீர்னு தன் கிளாஸ் நம்பரப் பாத்தா யாருக்கும் சங்கடமாத்தான் இருக்கும். நம்ம புரோகிராம் வேலை செய்யலன்னு ரிசல்ட் வந்தாலும் அதையும் வைங்க, நல்லதா வரும்போது மட்டும் காட்டறவங்க பேச்ச யாரும் ரொம்ப நாள் நம்ப மாட்டாங்க.

ஒத்த ஆளா இருக்கறது கஷ்டம்தான், எனக்கும் தெரியும். பக்கத்து ஸ்கூல் கவுன்சிலர் ரெண்டு மூணு பேரப் புடிங்க, எல்லாரும் ஒரே கேள்விய ஒரே ஃபார்ம்ல எடுங்க, ஸ்கூல் பேர் எதுவும் போடாம மொத்தக் கணக்க மட்டும் சேத்துப் பாருங்க. ஒரு ஸ்கூல்ல பத்து பேருக்கு நடந்தத "உங்க இடத்துல அப்படி"ன்னு தள்ளிடுவாங்க, நாலு ஸ்கூல்ல அதே மாதிரி இருந்தா அவ்ளோ ஈஸியா தள்ள முடியாது. கேஸ் பத்தி சூப்பர்விஷன்ல, அதாவது அனுபவமுள்ள இன்னொரு கவுன்சிலர் கிட்ட, பேசறீங்க இல்லையா, அங்கயே கடைசில கொஞ்ச நேரம் இதுக்கு ஒதுக்கினா தனியா டைம் தேடவும் வேண்டாம்.

சாஃப்ட்வேர் எது வாங்கணும்னும் கேட்டிருந்தீங்க. எதுவும் வேண்டாம், பாஸ்வேர்ட் போட்ட ஒரு எக்ஸெல் ஷீட் போதும், பேருக்குப் பதிலா கோட் நம்பர், அந்தக் கோட் எந்தப் புள்ளைக்குன்னு இருக்கற லிஸ்ட் மட்டும் தனியா பூட்டின அலமாரில. முதல் நெடுவரிசையா "யார் அனுப்பினது"ன்னு போட்டு அடுத்து வர்ற புள்ளைலேர்ந்தே ஆரம்பிச்சுடுங்க, நடுவுல எங்கயாவது நின்னுபோச்சுன்னா கமென்ட்ல கேளுங்க, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.