ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ் கம்ப்யூட்டர் மூன்றுக்கும் இடையே கேபிள் இல்லாமல் ஃபைல் அனுப்ப எது நல்ல வழி? வாட்ஸ்அப் போதாதா?

போதாது. அதுவும் போட்டோவுக்குப் போதவே போதாது. பிரிண்டிங் கடை வைத்திருப்பவன் என்பதால் கொஞ்சம் காரமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டிலும் ஆளுக்கொரு கம்பெனி போன், மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். என் கடையிலும் அதே கதைதான். கல்யாண ஆல்பத்துக்கு 12க்கு 18 ஷீட் கேட்பார்கள், படம் வாட்ஸ்அப்பில் வரும். சாதாரணமாக அனுப்பினால் அதன் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். அதை 18 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 90 பிக்சல்கூடத் தேறாது; நல்ல பிரிண்டுக்கு 300 வேண்டும். மாப்பிள்ளை மீசை தார் பூசினது மாதிரி வரும். "போன்ல சூப்பரா இருந்துச்சேண்ணே, உங்க மெஷின்தான் சரியில்ல" என்பார்கள்.

டாக்குமெண்டாக அனுப்பினால் குறையாமல் வருமே என்று யாராவது கமெண்டில் கிளம்புவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: வரும். ஆனால் எதிரே இருக்கும் கம்ப்யூட்டருக்கு ஒரு பெரிய வீடியோவை அனுப்ப கஸ்டமர் தன் டேட்டாவில் ஏற்றி, என் டேட்டாவில் இறக்குவானேன்?

முன்பு எல்லோர் போனிலும் ஷேர்இட் இருந்தது. 2020 ஜூனில் 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தபோது அதுவும், அதே வேலை செய்த ஸெண்டர் செயலியும் போயின. ஏர்டிராப் அருமைதான், ஆனால் ஆப்பிள் கருவிகளுக்குள். 2025 நவம்பரில் கூகுள், பிக்சல் 10 போனிலிருந்து ஐபோனுக்கு அனுப்ப வழி செய்தது. அந்த போனோடு யாராவது கடைக்கு வந்தால் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போனில் ஃபைல் அனுப்ப இருக்கும் குவிக் ஷேருக்கு விண்டோஸ் பதிப்பு உண்டு, ஆனால் கம்ப்யூட்டரில் புளூடூத் வேண்டும். என்னுடையதில் இல்லை.

நான் பயன்படுத்துவது லோக்கல்சென்ட் என்ற செயலி. இலவசம், ஓப்பன் சோர்ஸ் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம்). இதைச் சொல்ல எனக்கு யாரும் காசு தரவில்லை. அனுப்பும் கருவி, வாங்கும் கருவி இரண்டும் ஒரே ரவுட்டரில் இருந்தால் சரி. கம்ப்யூட்டர் லேன் ஒயரிலும் போன் வைஃபையிலும் இருக்கலாம், இன்டர்நெட் செத்துக் கிடந்தாலும் ஃபைல் போகும். ஒவ்வொரு கருவிக்கும் பழம், காய்கறி என்று அதுவே ஒரு பெயர் வைத்துவிடும். "அண்ணே, ஃபாஸ்ட் பொட்டேட்டோ நான்தான், அக்செப்ட் குடுங்க" என்று கடையில் குரல் கேட்கும்.

எதிர்க் கருவியின் பெயரே திரையில் வரவில்லை என்றால் செயலியைத் திட்டாதீர்கள். கஸ்டமருக்காகத் திறந்த கெஸ்ட் வைஃபையிலிருந்து பார்த்தால் என் கம்ப்யூட்டர் தெரியாது; வந்தவரை மற்ற கருவிகளிடமிருந்து பிரித்து வைப்பதுதான் கெஸ்ட்டின் வேலையே. விண்டோஸில் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று இருந்தாலும் ஃபயர்வால் மறிக்கலாம், வீட்டு வைஃபை என்றால் 'பிரைவேட்' ஆக்குங்கள். ரவுட்டரே இல்லையா, ஒரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு மற்றதை அதில் சேருங்கள்.

இப்படி 8 எம்பி படத்தை ஒரு பிக்சல் குறையாமல் வாங்கி வைத்தால், அடுத்து வரும் தம்பி, "அண்ணே, அப்ளிகேஷனுக்கு போட்டோ 50 கேபிக்குள்ள இருக்கணும், கையெழுத்து 20 கேபிக்குள்ள" என்கிறான். ஏற்றும் படத்தை அந்தத் தளமே சுருக்கிக்கொண்டால் என்னவாம்? கடைசி தேதியன்று ராத்திரி ஷட்டரை இறக்கும்போதுதான் இந்தக் கூட்டம் வரும். சுருக்கித் தர பத்து ரூபாய் கேட்டால் "சின்னதாக்குறதுக்கா காசு?" என்று கோபம் வேறு.